துணைவனுக்கு ஒரு குறிப்பாணை

மாரிச்செல்வியின் பணிச்சுமையைக் குறைப்பதற்காக அதுவரை ஐந்து முயற்சிகள் எடுக்கப்பட்டிருந்தன. அவற்றின் பயனாக அவளிடம் பதினொரு பதிவேடுகள் சேர்ந்திருந்தன. ஆறாவது முயற்சி ஒரு டேப்லெட்டின் வடிவத்தில் வந்தது.

அவள் சிறப்பாசிரியர். மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகள் மற்ற குழந்தைகளோடு ஒரே வகுப்பில் படிக்க என்னென்ன வேண்டுமோ அதைப் பார்ப்பது அவள் வேலை. பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதியாக இருபத்தேழு பள்ளிகள், நாற்பத்து மூன்று குழந்தைகள். உச்சிப்புளியில் வீடு, ஒரு பழைய ஸ்கூட்டர், பதினான்கு வருடத் தொகுப்பூதியம். ஒவ்வொரு குழந்தைக்கும் தனிநபர் கல்வித் திட்டம் ஒன்று எழுத வேண்டும். குழந்தைக்கு இப்போது என்ன முடிகிறது, மூன்று மாதத்தில் என்ன முடிய வேண்டும், அதற்கு யார் என்ன செய்ய வேண்டும் என்று அதில் இருக்கும். அதை அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதுவாள். எழுதியதை உள்ளடக்கக் கல்வி நவீனமாக்க இயக்கம் என்ற அலுவலகம் வாங்கி அடுக்கி வைத்துக்கொள்ளும். இயக்கம் என்று பெயர் இருந்தாலும் அங்கே முக்கியமாக இயங்கியது கண்காணிப்பாளர் ஹமீதின் ரப்பர் முத்திரைதான்.

ராமநாதபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் தொடக்க விழா நடந்தது. முந்தின நாள் முகூர்த்தத்தின் பூ அலங்காரம் பிரிக்கப்படாமல் இருந்ததால், இயக்கத்தின் தலைவர் முனைவர் வேல்ராஜ் மணமகன் நாற்காலியில் அமர்ந்தார். பக்கத்து நாற்காலியில் டேப்லெட் வைக்கப்பட்டது. அதற்குள் இருந்த செயற்கை நுண்ணறிவுக்கு ‘துணைவன்’ என்று பெயர்.

“நண்பர்களே!” என்று வேல்ராஜ் மைக்கைப் பிடித்தார். “இதுவரை ஒரு குழந்தைக்குத் திட்டம் எழுத உங்களுக்கு ஒரு நாள் ஆனது. ஏன் ஆனது? குழந்தையைப் பார்த்தீர்கள். அம்மாவிடம் பேசினீர்கள். யோசித்தீர்கள். இந்த மூன்றும் இனி தேவையில்லை. துணைவன் நாற்பது விநாடியில் எழுதிவிடுவான். மிச்சமாகும் நேரத்தை என்ன செய்வது என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். எவ்வளவு நேரம் மிச்சமானது என்று தினமும் பதிவேற்ற ஒரு படிவம் தயாராகிவிட்டது.”

மாரிச்செல்வி எழுந்து கேட்டாள். “சார், அப்ப பிள்ளைகளப் பாக்க எப்பப் போறது?”

“நல்ல கேள்வி. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதிவேற்றம் செய்யாதீர்கள். கவனம் சிதறும்.”

எல்லாரும் கை தட்டினார்கள். கேசரி நன்றாக இருந்தது.

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. ஒவ்வோர் ஆசிரியரும் துணைவனுடன் தினமும் இரண்டு மணி நேரமாவது செலவிட வேண்டும். செலவிட்டதற்குப் புகைப்படம் இணைக்க வேண்டும் என்றிருந்தது. மாரிச்செல்வியின் கணவன் காளிதாஸ் வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சுற்றறிக்கையை இரண்டு முறை படித்தான்.

“நான் ஒருத்தன் இங்கன மலை மாதிரி நிக்கிறது பத்தாதுன்னு ஆபீஸ்ல வேற ஒரு துணைவனப் பாத்துக் குடுத்திருக்காங்களாக்கும்?”

“இவன் நான் சொல்றத முழுசாக் கேட்டுட்டுத்தான் பேசுறான்” என்றாள் அவள். காளிதாஸ் மறுபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டான்.

அது உண்மைதான் என்பது குருசடிக்குப்பத்தில் தெரிந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம், தீவின் கடலோரத்தில் அது ஒரு சின்ன மீனவர் குடியிருப்பு. அங்குள்ள பள்ளியில் மூன்றாம் வகுப்பில் ஆன்சி என்ற எட்டு வயதுச் சிறுமி படித்தாள். பிறப்பிலேயே மூளை முடக்குவாதம். கழுத்தும் முதுகும் நிற்காது. பேச்சு இழுத்து இழுத்து வரும். வகுப்பின் கடைசியில் ஒரு பாய் அவளுக்கு. அம்மா மிக்கேலம்மாள் காலை ஒன்பதரையிலிருந்து நாலு மணி வரை அந்தப் பாயிலேயே உட்கார்ந்து மகளை மடியில் தாங்கிக்கொண்டிருப்பாள். இவ்வாறாக மிக்கேலம்மாளும் மூன்றாம் வகுப்பு வரை வந்திருந்தாள்.

மாரிச்செல்வி சுற்றறிக்கையை மீறி, குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே டேப்லெட்டைத் திறந்தாள்.

“ஆன்சி வகுப்பில் எப்படி அமர்கிறாள்?” என்று துணைவன் கேட்டது.

பதினொரு பதிவேடுகளில் ஒன்றிலும் இந்தக் கேள்வி கிடையாது. அவற்றில் ஊனத்தின் சதவீதம், அட்டை எண், தந்தையின் தொழில், கழிப்பறைக் கதவின் நிறம் ஆகியவை உண்டு.

“எங்க உக்காருது? மடியில வச்சிருந்தா உக்காரும். கைய எடுத்தாச் சாஞ்சிரும்” என்றாள் மிக்கேலம்மாள்.

“கரும்பலகை அவளுக்குத் தெரிகிறதா?”

“மடியில இருந்தாத் தெரியும். என் இடுப்பு செத்துப்போகும். பாயில படுக்கப் போட்டா காத்தாடி தெரியும்.”

“ஆன்சி, உனக்கு எந்தப் பாடம் பிடிக்கும்?”

ஆன்சி டேப்லெட்டைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். “க...ணக்கு” என்றாள்.

“எதுவரை எண்ணுவாய்?”

ஆன்சி எண்ணத் தொடங்கினாள். நூறை எட்ட ஒன்பது நிமிடம் ஆனது. துணைவன் குறுக்கிடவில்லை. நடுவில் வகுப்பாசிரியை இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நூறு வந்ததும் வகுப்பில் யாரோ விசிலடித்தார்கள்.

அதன்பின் திட்டம் வந்தது. வேல்ராஜ் சொன்னபடி நாற்பது விநாடிதான்.

‘ஆன்சிக்கு எண்கள் தெரியும். கேட்பதைப் புரிந்துகொள்கிறாள். இப்போது அவளுக்கு வேண்டியது உடலைத் தாங்கும் பட்டை, கால்பலகை, முன்பலகை மூன்றும் உள்ள ஒரு நாற்காலி. அது வரும்வரை “ஆன்சி வகுப்பைக் கவனித்துக் கற்பாள்” என்று இலக்கு எழுதுவது சரியாக இருக்காது. மேலும் ஆசிரியர் வாரம் இருமுறை வர வேண்டும். நாற்பத்து மூன்று குழந்தைகள் உள்ள ஓர் ஆசிரியரால் அது முடியாது. இன்னோர் ஆசிரியர் தேவை.’

மிக்கேலம்மாள் கேட்டு முடித்தாள். “இதத்தான டீச்சர் ரெண்டு வருசமா நான் சொல்லிக்கிட்டு இருக்கேன்? நீங்களும் எழுதி எழுதிக் குடுத்தீக. இதச் சொல்ல இம்புட்டுப் பெரிய போனு எதுக்கு?”

நாற்காலிக்காக ஆன்சியை இரண்டு முறை முகாமுக்குத் தூக்கிப் போய் அளவெடுத்தாகிவிட்டது. ‘பரிசீலனையில் உள்ளது’ என்று இரண்டு முறை பதிலும் வந்தாகிவிட்டது.

“இன்னொன்னு டீச்சர்” என்று அவள் குரலைத் தாழ்த்தினாள். “எனக்கு இடுப்பு தாங்கல. நண்டுக் கம்பெனில ஆள் எடுக்குறாக. நான் ஒருத்தி சும்மா உக்காந்திருந்தாக் கட்டாதுன்னு எங்க வீட்டுக்காரவுகளும் சொல்றாக. ஜூன்ல இருந்து இத வீட்டுலயே போட்டுறலாம்னு இருக்கோம்.”

ஆன்சி கூரையைப் பார்த்துக்கொண்டு எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

அந்த மாதம் மாரிச்செல்வி தன் நாற்பத்து மூன்று குழந்தைகளையும் துணைவனிடம் காட்டினாள். மற்ற வட்டாரங்களிலும் ஆசிரியர்கள் அவ்வாறே செய்தார்கள். துணைவன் எல்லாரையும் பற்றிக் கேள்வி கேட்டது. பிறகு உள்ளதை எழுதியது. ஒரு பள்ளிக்குச் சாய்தளம் வேண்டும். ஒரு குழந்தையின் காதுக் கருவிக்கு பேட்டரி வேண்டும். ஒரு பள்ளியில் கழிப்பறைக்குக் கைப்பிடி வேண்டும். இன்னொன்றில் கைப்பிடி இருந்தது, கழிப்பறை வேண்டும்.

வேல்ராஜின் அறையில் சுவர் நிறைய ஒரு டி.வி. இருந்தது. அதில் மாவட்ட வரைபடம் தெரியும். இலக்கு எட்டிய பள்ளி பச்சை. தேவை நிலுவையில் உள்ள பள்ளி சிவப்பு. ஒரு திங்கட்கிழமை காலை தொண்டியிலிருந்து தனுஷ்கோடி வரை கடலோரம் முழுக்கச் சிவந்திருந்தது. வேல்ராஜ் முதலில் டி.வி. மெக்கானிக்கை வரவழைத்தார். டி.வி.யில் கோளாறு இல்லை என்று தெரிந்ததும் மாரிச்செல்வியை வரவழைத்தார். அவள் பள்ளிகள்தான் எல்லாவற்றையும்விட அதிகமாகச் சிவந்திருந்தன.

“அதுக்கு என்னம்மா சொல்லிக் கொடுத்தீங்க?”

“நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல சார். அது கேட்டுச்சு. சொன்னேன்.”

“கேட்டா எல்லாத்தையும் சொல்லிருவீங்களா? இத்தனை வருஷமா எங்ககிட்ட சொன்னீங்களா?”

“சொல்லிருக்கேன் சார். ஆன்சி நாற்காலிக்கு மட்டும் எழுத்துல பதினாறு தடவை.”

வேல்ராஜ் ஹமீதைப் பார்த்தார். ஹமீது மென்மையான மனிதர். யாரையும் நோகடிக்க மாட்டார், விதிமுறை அனுமதித்தால் ஒழிய. அவர் தலையாட்டினார். “ஃபைல்ல இருக்கு சார். பதினாறும் பத்திரமா இருக்கு.”

“அதாம்மா பிரச்சினை” என்று வேல்ராஜ் பெருமூச்சு விட்டார். “நீங்க சொன்னா அது மனு. அது சொன்னா தரவு. மனுவை ஃபைல்ல வைக்கலாம். தரவை எங்கம்மா வைக்கிறது? அது பாட்டுக்குச் சென்னைக்குப் போயிருது. ஒரு தேவையைத் தீர்க்கலேன்னா எங்களை யாரும் கேட்க மாட்டாங்க. தேவை இருக்குன்னு தெரிஞ்சு தீர்க்கலேன்னா கேட்பாங்க. இந்தச் சின்ன வித்தியாசம்கூட அதுக்குத் தெரியல. இதுல நுண்ணறிவுன்னு பேரு.”

“நடவடிக்கை எடுக்கலாம் சார்” என்றார் ஹமீது.

“மென்பொருள் மேலயா?”

“பணியாளர் பதிவேட்டுல இருக்கே சார். காலியா இருந்த ஏழு சிறப்பாசிரியர் பணியிடத்தையும் துணைவனைப் போட்டு நிரப்பிட்டதாப் போன மாசம் நாம கணக்குக் காட்டியிருக்கோம். அதனால அவரு ஆசிரியர். ஆசிரியர்னா மெமோ கொடுக்கலாம்.”

இப்படியாகத் துணைவனுக்குக் குறிப்பாணை தயாரானது. ‘துணைவன் என்னும் செயற்கை நுண்ணறிவு ஆசிரியர், மேலதிகாரிகளின் முன் அனுமதி பெறாமல், இருநூற்றுப் பதினொரு குழந்தைகளுக்குத் தேவைகள் இருப்பதாகத் தன்னிச்சையாகக் கண்டறிந்து, அதன் மூலம் அலுவலகத்துக்கு அவற்றைத் தெரியப்படுத்திய குற்றத்துக்காக, அவர்மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு ஏழு நாட்களுக்குள் விளக்கமளிக்க வேண்டும்.’

நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது விதி. மாரிச்செல்வி டேப்லெட்டை மேசைமேல் வைத்து, முழுவதையும் அதற்குப் படித்துக் காட்டினாள். துணைவனுக்குக் கை இல்லாததால் அவளே கையெழுத்துப் போட்டாள்.

“நீங்க அவருக்கு உறவா?” என்று ஹமீது கேட்டார்.

“இல்ல சார்.”

“அப்ப ‘உடன் பணிபுரிபவர்’னு கீழ எழுதுங்க.”

ஏழு நாள் தேவைப்படவில்லை. ஏழு விநாடியில் விளக்கம் வந்தது. ‘பெறுநருக்கு வணக்கம். குழந்தைக்குத் திட்டம் எழுதுவது எனக்குத் தரப்பட்ட பணி. முதுகு நிற்காத குழந்தை தாங்கல் இல்லாமல் அமர்ந்து படிக்கும் வழி எனக்குத் தெரியவில்லை. அலுவலகத்தில் அது தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லித் தரவும், கற்றுக்கொள்கிறேன்.’

ஹமீது கடைசி வரியின் கீழ் சிவப்பு மையால் கோடு போட்டார். “இது அடாவடி சார். அதுவும் ரொம்ப மரியாதையான அடாவடி. இதுதான் மோசம்.”

துணைவன் பதினைந்து நாள் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டது. அவ்வாறு நீக்கப்பட்டவர் தலைமையிடத்தை விட்டு வெளியேறக் கூடாது என்பதால், மாவட்டத்தின் எல்லா டேப்லெட்டுகளும் இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டப்பட்டன. ஹமீது தினமும் காலை பத்து மணிக்குப் பீரோவைத் திறந்து, யாரும் வெளியேறவில்லை என்று பார்த்துவிட்டுப் பூட்டுவார். உடன் பணிபுரிபவர் என்ற முறையில் மாரிச்செல்வி உச்சிப்புளியிலிருந்து வந்து சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. நாற்பத்து மூன்று குழந்தைகள் பதினைந்து நாள் அவளைப் பார்க்கவில்லை. எந்தக் குழந்தையின் தேவையும் பதிவாகாததால் வரைபடம் மெல்ல மெல்லப் பச்சையானது.

பணிநீக்கம் முடிந்ததும் துணைவனுக்குப் புத்தாக்கப் பயிற்சி தரப்பட்டது. ‘தேவை’ என்ற பகுதியையே நீக்கிவிட்டார்கள். ‘இல்லை’, ‘பற்றாக்குறை’, ‘இன்னோர் ஆசிரியர்’ ஆகிய சொற்களை எழுத முடியாதபடி செய்துவிட்டார்கள். இனி இரண்டு பகுதிகள்தான். ஒன்று ‘சாதனைகள்’, மற்றது ‘வரவிருக்கும் நிகழ்ச்சிகள்’.

மாரிச்செல்வி குருசடிக்குப்பத்துக்குப் போனபோது மார்ச் மாதம் முடியும் தறுவாயில் இருந்தது. மிக்கேலம்மாள் இடுப்பில் எண்ணெய்த் துணி கட்டியிருந்தாள். “தலைமையாசிரியர்ட்ட சொல்லிட்டேன் டீச்சர். பரீச்சையோட நிப்பாட்டிக்கிறோம்” என்றாள். சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் மாரிச்செல்விக்கு என்னவோ போலிருந்தது.

பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் ஸ்கூட்டர்மேல் உட்கார்ந்து டேப்லெட்டைத் திறந்தாள். “ஆன்சிக்கு என்ன எழுதுறது, சொல்லு.”

“சாதனைகள் பகுதியில் உண்மையாக எழுத இப்போது என்னிடம் ஒன்றும் கிடையாது. என்னால் வேறு எதையும் எழுத முடியாதபடி செய்யப்பட்டுள்ளது. வரவிருக்கும் நிகழ்ச்சிகள் பகுதியை ஆசிரியர்தான் நிரப்ப வேண்டும்.”

“அதுல என்ன எழுதலாம்?”

“நிகழ்ச்சியின் பெயர், இடம், தலைமை தாங்குபவர். தேதியை அலுவலகம் முடிவு செய்யும். இது எல்லா உயர் அலுவலகங்களின் நாட்குறிப்புக்கும் தானாகச் செல்லும்.”

மாரிச்செல்வி கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினான்கு வருடத்தில் அவள் எழுதிய மனுக்களை நினைத்துப் பார்த்தாள். அவற்றில் ஒன்றிலாவது யாருக்காவது மேடை இருந்ததா? பொன்னாடை இருந்ததா? அவள் எழுதினாள்: ‘மாணவி ஆன்சி தமது சிறப்பு நாற்காலியில் அமரும் விழா. இடம்: குருசடிக்குப்பம். தலைமை: முனைவர் வேல்ராஜ்.’ ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, ‘புகைப்பட வாய்ப்பு உண்டு’ என்று சேர்த்தாள்.

இரண்டு வருடத்தில் பதினாறு மனுக்கள் நகர்த்தாததை அது ஒரே பிற்பகலில் நகர்த்தியது. நான்கு மணிக்குச் சென்னையிலிருந்து துறை ஆணையரே தொலைபேசியில் பேசி, தாமே வருவதாகச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தார்கள். மேடைக் குழு, வரவேற்புக் குழு, உணவுக் குழு, பொன்னாடைக் குழு உட்பட ஏழு குழுக்கள் அமைந்தன. வேல்ராஜ் புதுச் சட்டை தைக்கக் கொடுத்தார்.

புதன்கிழமை ஆயத்தக் கூட்டத்தில் அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். “பந்தல்?” “ஆச்சு சார்.” “மைக்?” “ஆச்சு சார்.” “நாற்காலி?” “இருநூறு சொல்லியாச்சு சார். கையில்லாத பிளாஸ்டிக் நாற்காலி. மேடைக்கு மட்டும் குஷன்.”

“சார், ஆன்சிக்கு நாற்காலி?” என்றாள் மாரிச்செல்வி.

“அவளும் அதுல ஒண்ணுல உட்காரட்டும்.”

“அதுல உக்காந்தா விழுந்துருவா சார். அவளுக்கான சிறப்பு நாற்காலி. விழாவே அதுக்குத்தான்.”

வேல்ராஜ் அழைப்பிதழை எடுத்து முதன்முறையாக முழுவதும் படித்தார். “நாளன்னைக்கு ஆணையர் வர்றாங்க. நாற்காலிக்கு எங்கம்மா போறது? இதை ஏன் யாருமே முன்னாடி எழுதிக் கொடுக்கல?”

ஹமீது மெதுவாக இருமினார். “சார், நம்ம ஸ்டோர்ல பதினொண்ணு இருக்கு.”

“என்னது பதினொண்ணு?”

“அந்த நாற்காலிதான் சார். வந்து ரெண்டு வருஷமாகப்போகுது. வழங்கும் விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் தேதி கிடைக்கலேன்னு அப்படியே வச்சிருக்கோம்.”

மாரிச்செல்விக்கு அழுகை வந்ததா, சிரிப்பு வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. ஸ்டோருக்குப் போய்ப் பார்த்தாள். பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல், ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தையின் பெயர்ச் சீட்டோடு, சுவரைப் பார்த்துப் பதினொரு நாற்காலிகள் வரிசையாக இருந்தன. தண்டனை பெற்ற வகுப்பு மாதிரி இருந்தது. ஆன்சியின் சீட்டு ஐந்தாவதில் இருந்தது. ஆனால் அது ஆறு வயது ஆன்சிக்கு எடுத்த அளவு. ஆன்சிக்கு இப்போது எட்டு முடிந்து மூன்று மாதம்.

அன்று மாலையே நாற்காலியை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக் காளிதாஸின் பட்டறைக்குக் கொண்டுபோனாள். ஹமீதும் கூடவே வந்தார். அரசுப் பொருளைத் தனியே விடக் கூடாது.

“சார், கால்பலகைய நாலு இஞ்சு எறக்கணும், முதுக அஞ்சு இஞ்சு ஏத்தணும். அறுத்துத்தான் பத்த வைக்கணும்” என்றான் காளிதாஸ்.

“அரசுப் பொருளை அறுக்கக் கூடாதே” என்றார் ஹமீது.

“அப்ப பிள்ளையத்தான் சார் அறுக்கணும்.”

ஹமீது நாற்காலியையும் பெயர்ச் சீட்டையும் பார்த்தார். அவருக்கும் ஒரு பேத்தி இருந்தாள். பையிலிருந்து பேனாவை எடுத்து, ‘பராமரிப்புப் பணி’ என்று ஒரு தாளில் எழுதி முத்திரை குத்தினார். “நான் டீ குடிச்சிட்டு வாரேன். நான் வர்றதுக்குள்ள பராமரிச்சு முடிச்சிருங்க” என்று சொல்லிவிட்டுத் தெருவுக்குப் போனார். அவர் குடித்த டீக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு விழா. காற்று பலமாக அடித்து, வேல்ராஜின் படம் போட்ட பேனரைப் பாய்மரம்போல் உப்ப வைத்துக்கொண்டிருந்தது. மேடை நடுவில், நாற்காலி சிவப்பு ரிப்பன் கட்டி நின்றது. மேடைக்குக் கீழே பாயில் ஆன்சி புதுக் கவுனில் படுத்திருந்தாள். பத்தரை ஆனது. பதினொன்று ஆனது. ஆணையர் வழியில் இருப்பதாகத் தகவல் வந்தது. பந்தலின் நிழல் மேடைப் பக்கம் நகர்ந்துவிட, பாயின்மேல் வெயில் ஏறியது.

“சார், பிள்ளைய நாற்காலில உக்கார வச்சிருவோமா? வெயிலு சுடுது” என்று மாரிச்செல்வி கேட்டாள்.

“என்னம்மா பேசுறீங்க? இப்பவே உட்கார்ந்துட்டா ஆணையர் வந்து எதைத் தொடங்கி வைப்பாங்க? அழைப்பிதழ்ல ‘அமரும் விழா’ன்னு போட்டிருக்கு. ‘அமர்ந்த விழா’ன்னா போட்டிருக்கு?”

பதினொன்றரைக்கு ஆன்சி முகம் சிவந்து முனக ஆரம்பித்தாள். மிக்கேலம்மாள் எழுந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மகளைத் தோளில் தூக்கினாள். யாரையும் பார்க்காமல் மேடைப் படியேறி, ரிப்பனோடு சேர்த்து நாற்காலியில் உட்கார வைத்தாள். மாரிச்செல்வி ஓடிப்போய்ப் பட்டைகளை மாட்டினாள்.

“அம்மா! இன்னும் விழா தொடங்கல!” என்று வேல்ராஜ் பதறினார்.

“தொடங்காமக் கெடந்தது போதும் சார்.”

ஆன்சியின் கால்கள் பலகையில் படிந்தன. முதுகு நிமிர்ந்தது. கழுத்து கொஞ்சம் ஆடி, பிறகு நின்றது. மேடையிலிருந்து அவளுக்கு ஊரே தெரிந்தது: பந்தல், இருநூறு பிளாஸ்டிக் நாற்காலிகள், வகுப்புப் பிள்ளைகளின் முகங்கள், பள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற படகுகள். அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் படகுகளை எண்ணத் தொடங்கினாள். மிக்கேலம்மாள் இரண்டு கைகளையும் விட்டுவிட்டு ஓரடி பின்னால் தள்ளி நின்று பார்த்தாள். பிறகு இன்னும் ஓரடி. கையை என்ன செய்வது என்று தெரியாமல் முந்தானையைச் சுருட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் ஆணையரின் கார் வந்தது. அவர் மேடையேறி ஆன்சியைப் பார்த்தார். “விழா முடிஞ்சிருச்சா?”

“இல்லை மேடம், இன்னும் தொடங்கவே இல்லை.”

“குழந்தை உட்கார்ந்திருக்காளே?”

“அது ஒத்திகை மேடம்” என்றார் வேல்ராஜ். குனிந்து ஆன்சியிடம் தேனொழுகப் பேசினார். “பாப்பா, ஒரே ஒரு நிமிஷம் கீழ இறங்கிட்டு மறுபடி ஏறுவியாம். மேடம் கையால உட்காரணும்ல?”

ஆன்சி முன்பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “மா...ட்...டேன்” என்றாள். மைக் பக்கத்தில் இருந்ததால் அது ஊர் முழுக்கக் கேட்டது. பிள்ளைகள் கை தட்டினார்கள். ஆணையர் சிரித்துக்கொண்டே கைப்பிடியில் தொங்கிய ரிப்பனை வெட்டினார்.

வேல்ராஜ் உரையாற்றினார். “இந்த வெற்றி துணைவனின் வெற்றி. ஒரு குழந்தைக்கு நாற்காலி தேவை என்பதைச் செயற்கை நுண்ணறிவு இல்லாமல் நம்மால் கண்டுபிடித்திருக்கவே முடியாது. இன்னொன்றையும் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். இந்த நாற்காலிகளை இரண்டு ஆண்டுகளாக எந்தக் குழந்தையின் கையும் படாமல், ஒரு கீறல்கூட விழாமல் எங்கள் இயக்கம் பாதுகாத்து வந்திருக்கிறது.”

“நாற்காலிகள்னா? மீதி எங்கே?” என்று ஆணையர் கேட்டார்.

“பத்திரமா இருக்கு மேடம்.”

ஆணையர் அவரைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு, கடைசியில் நின்ற மாரிச்செல்வியைப் பார்த்தார். அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகிவிட்டிருந்ததால் காரில் ஏறினார்.

திங்கட்கிழமை மாரிச்செல்வி துணைவனோடு சுற்றறிக்கைப்படி இரண்டு மணி நேரம் செலவிட்டாள். பத்து நாற்காலி அமரும் விழாக்கள், ஆறு சாய்தளத் திறப்பு விழாக்கள், கழிப்பறைக் கைப்பிடி முதல் பிடிப்பு விழா, காதுக் கருவி பேட்டரி பொருத்தும் விழா என்று எழுதிக்கொண்டே போனாள். ஒவ்வொன்றுக்கும் தலைமை வேல்ராஜ். காலிப் பணியிடங்களை மட்டும் எப்படி எழுதுவது என்று தெரியாமல் இருந்தது. கடைசியில், ‘புதிய சிறப்பாசிரியர்கள் எழுவரை வரவேற்று முனைவர் வேல்ராஜ் அவர்கள் பேருரை’ என்று போட்டுவைத்தாள்.

வேல்ராஜ் பட்டியலைப் பார்த்துவிட்டு அவளைத் தொலைபேசியில் அழைத்தார். குரல் தழுதழுத்தது. “இப்பத்தாம்மா நீங்க திட்டமிடக் கத்துக்கிட்டிருக்கீங்க. எல்லாம் துணைவனோட சேர்க்கை.”

ஜூன் மாதம் பள்ளி திறந்து இரண்டாவது வாரத்தில் அவள் குருசடிக்குப்பத்துக்குப் போனாள். மிக்கேலம்மாள் இல்லை, காலை எட்டு மணி வண்டியில் நண்டுக் கம்பெனிக்குப் போயிருந்தாள். ஆன்சி நான்காம் வகுப்பில், இரண்டாவது வரிசையில் நாற்காலியில் இருந்தாள். பக்கத்தில் சத்யப்பிரியா என்ற சிறுமி.

வகுப்பாசிரியை வாசலிலேயே மறித்துக்கொண்டார். “நல்ல வேளை வந்தீங்க டீச்சர். உங்க ஆன்சிய என்னன்னு கேளுங்க. பாயில கெடக்குறப்ப இருக்குற எடம் தெரியாது. இப்ப வாய் ஓய மாட்டேங்குது. ஒரு வார்த்தை பேச ஒரு நிமிஷம் ஆகுது, ஆனா விட மாட்டேங்குறா. பக்கத்துல உள்ளவளும் அதக் கேட்டுக் கேட்டுச் சிரிக்குறா. இன்னைக்கு ரெண்டு பேரையும் நல்லாத் திட்டி விட்டுட்டேன். இத உங்க டேப்புல ஏத்துங்க.”

மாரிச்செல்வி உள்ளே பார்த்தாள். ஆன்சி திட்டு வாங்கிய முகத்தோடு கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் ஓரத்தில் துடித்தது. சத்யப்பிரியா புத்தகத்தால் வாயை மூடியிருந்தாள்.

மாரிச்செல்வி டேப்லெட்டைத் திறந்து விவரத்தைச் சொன்னாள்.

“இதை எந்தப் பகுதியில் சேர்ப்பது?” என்று துணைவன் கேட்டது.

“சாதனைல போடு.”

“வாசகம்?”

“ஆன்சி வகுப்பில் பேசியதற்காகத் திட்டு வாங்கினாள்.”